பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் ஈஸ்ட் எப்படி நுழைகிறது?

1996 ஏப்ரலில், சண்டிகரில் பி.ஜி.ஐ. என்று எல்லோரும் சொல்லும் பெரிய அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் புதிதாக ஒரு ரத்தத் தொற்று தலைகாட்டியது. காரணம் பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. பிக்கியா அனோமலா என்ற ஈஸ்ட். அவசர சிகிச்சை வார்டில் சேர்ந்த ஒரு குழந்தையிடமிருந்து இது தொடங்கியிருக்கலாம் என்பது பிறகு தெரியவந்தது. அங்கிருந்து குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் நர்சரிக்குப் போனது, ஐ.சி.யூ.வுக்குப் போனது, மற்ற வார்டுகளையும் விட்டுவைக்கவில்லை. 1998 பிப்ரவரியில் அடங்குவதற்குள் 23 மாதங்களில் 379 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அந்தப் பிரிவில் அனுமதிக்கப்பட்டவர்களில் இது 4.2 சதவீதம்.

இந்த ஈஸ்ட் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்ததல்ல. பழங்களின் தோலில், மண்ணில், செடிகளில், புளித்துக்கொண்டிருக்கும் பானங்களில் சாதாரணமாக இருப்பது. நாம் வாழ்நாள் முழுக்க அதைத் தொட்டுக்கொண்டும் தின்றுகொண்டும் இருக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. அப்படிப்பட்ட ஒரு நோஞ்சான் உயிரி, மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் குழந்தையின் உயிருக்கு உலை வைப்பது எப்படி? அதற்கு அந்த ஈஸ்டின் பலத்தைவிட நாம் திறந்துவைத்திருக்கும் வழிகளே பெரிய காரணம். அந்த வழிகள் எவை, ஏன் திறந்தோம், எப்படி மூடுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஈஸ்ட்

பூஞ்சை என்றதும் ரொட்டியில் படரும் பச்சைப் பூசணம் நினைவுக்கு வரும். அது நூல் நூலாக வளரும் வகை. ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல்லாக வாழும் பூஞ்சை. ஒரு செல்லின் ஓரத்தில் சின்ன மொட்டு அரும்பும், அது பெரிதாகிப் பிரிந்து இன்னொரு செல் ஆகும். அளவில் ஏறக்குறைய நம் சிவப்பணுவுக்குச் சமம், அல்லது கொஞ்சம் சிறியது. பாக்டீரியாவோடு ஒப்பிட்டால் பல மடங்கு பெரியது. ரொட்டி உப்புவதும் இறக்கிய கள் நுரைப்பதும் ஈஸ்ட்களின் வேலைதான்.

மருத்துவமனைகளில் ரத்தத்தில் கிடைக்கும் ஈஸ்ட்களில் பெரும்பாலானவை கேண்டிடா குடும்பத்தைச் சேர்ந்தவை. கேண்டிடா அல்பிகன்ஸ், ட்ராபிகாலிஸ், பாராப்சிலோசிஸ் ஆகியவை குழந்தை மருத்துவர்களுக்குப் பழக்கமான பெயர்கள். இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் ட்ராபிகாலிஸ்தான் முன்னணி. இந்தப் பழகிய கூட்டத்துக்கு வெளியே இருப்பவற்றைத்தான் ‘அரிய ஈஸ்ட்’ என்கிறார்கள். பிக்கியா, கோடமேயா, ட்ரைக்கோஸ்போரான், ரோடோடோருலா, மலசீசியா, லோடரோமைசிஸ் என்று பட்டியல் நீளும். ரோடோடோருலாவை நீங்கள் பார்த்தே இருக்கலாம். குளியலறை ஓடுகளின் இடுக்கில் இளஞ்சிவப்பாகப் படியும் கறையில் பெரும்பாலும் அதற்கும் பங்கு உண்டு.

அரிது என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஈஸ்டைச் சரியாக அடையாளம் காண வசதி இல்லாத ஆய்வகம் ‘கேண்டிடா, அல்பிகன்ஸ் அல்லாதது’ என்று ரிப்போர்ட் எழுதி முடித்துவிடும். அந்த ஒரு வரிக்குள் எத்தனை அரியவை ஒளிந்துகொண்டிருக்கின்றன என்பது தேடிப் பார்த்தால்தான் தெரியும். சண்டிகரில் அது தெரியவந்ததற்கு ஒரு காரணம், மருத்துவப் பூஞ்சையியலுக்கென்றே அங்கே ஒரு வலுவான ஆய்வகம் இருந்தது. அருணலோக் சக்கரவர்த்தி போன்ற நிபுணர்கள் அதில் இருந்தார்கள். பின்னாளில் அதே மருத்துவமனையில் கோடமேயா ஓமெரி என்ற இன்னொரு அரிய ஈஸ்ட் பல நோயாளிகளைத் தாக்கியதும் பதிவானது. மற்ற ஊர்களில் இவை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

வழிகள் எப்படித் திறக்கின்றன

900 கிராம் எடையில், ஏழாம் மாதத்தில் பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் போய்ச் சேர்வது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில். இந்தக் குழந்தை அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது. பூஞ்சையை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளை அணுக்களின் கையிருப்பும் குறைவு. தோலோ காகிதத்தைவிட மெல்லியது. பிளாஸ்திரியை உரித்தால் கூடவே தோலும் வந்துவிடும். பிறந்த பிறகு அந்தத் தோல் ஓரளவு முதிர இரண்டு வாரமாவது வேண்டும்.

இது இயற்கையாக அமைந்த குறை. இதற்கு மேல் நாம் சேர்ப்பவையும் உண்டு. குடல் பால் ஏற்கும் அளவுக்கு வளரவில்லை, எனவே சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு எல்லாவற்றையும் நேரடியாக ரத்தக்குழாய் வழியே கொடுக்க வேண்டும். சாதாரண ட்ரிப்ஸ் ஊசி இதைத் தாங்காது. ஆகவே இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக்குழாய் வரை போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைப் போடுகிறார்கள். சென்ட்ரல் லைன் என்று வார்டில் சொல்வது இதைத்தான். இந்தக் குழாய் இல்லாவிட்டால் அந்தக் குழந்தை பிழைக்காது. அதே குழாய்தான் வெளியுலகிலிருந்து ரத்தத்துக்குள் போகும் நேர்ப்பாதை. தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் பாசி பிடிப்பதுபோல ஈஸ்ட்கள் குழாயின் பிளாஸ்டிக் மேல் ஒட்டி, பசைபோன்ற ஒரு படலத்தை உருவாக்கி அதற்குள் குடியிருக்கும். அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதாக இறங்காது. குழாயை எடுக்காமல் மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் காய்ச்சல் போவதும் வருவதுமாக இழுத்தடிப்பது இதனால்தான்.

ஆன்டிபயாடிக் இன்னொரு வழி. குறைமாதக் குழந்தைக்கு மூச்சு லேசாகத் திணறினாலும் பாக்டீரியா தொற்றாக இருக்குமோ என்று ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள். பல நேரம் அது தேவைதான். ஆனால் குடலிலும் தோலிலும் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதில் செத்துப்போகின்றன. ஆன்டிபயாடிக்குக்கு அசைந்து கொடுக்காத ஈஸ்டுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து, ஸ்டீராய்டு, குடல் அறுவை சிகிச்சை ஆகியவையும் இதே திசையில்தான் தள்ளுகின்றன. கொஞ்சம் பெரிய குழந்தைகளில் ரத்தப் புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்களுக்கும் பெரிய தீக்காயம் பட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம். கீமோ மருந்து வெள்ளை அணுக்களையும் குறைக்கும், குடலின் உள்தோலையும் புண்ணாக்கும். குடலுக்குள் சாதுவாக இருந்த ஈஸ்டே அந்தப் புண் வழியாக ரத்தத்துக்குள் இறங்கிவிடும்.

சரி, வழி திறந்திருக்கிறது. ஈஸ்டை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? பெரும்பாலும் கைதான்.

சண்டிகரில் விசாரித்தபோதும் இதுதான் தெரிந்தது. பணியாளர்களின் கைகள் வழியே ஈஸ்ட் குழந்தைக்குக் குழந்தை தாவியிருக்கிறது. குழந்தைகளிடமிருந்தும் பணியாளர்களிடமிருந்தும் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டபோது எல்லாம் ஒரே வகை. குறைமாதக் குழந்தைகளிலும் யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தார்கள். மிகச் சீக்கிரம் பிறந்தவர்கள், 1,500 கிராமுக்குக் குறைந்தவர்கள், வார்டில் அதிக நாள் இருந்தவர்கள். கடைசியில் தொற்றை அடக்கியவை இரண்டு: கை கழுவுவது பற்றி வார்டு முழுக்க நடத்திய பிரசாரம், ஆபத்தில் இருந்த குழந்தைகளுக்கு முன்கூட்டியே கொடுத்த நிஸ்டாடின், ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துகள்.

கை கழுவுங்கள் என்று சொல்வது சுலபம். ஒரு நர்ஸ் எட்டு பத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வார்டில், குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மர்கள் இரண்டுக்கு நடுவே நிற்கக்கூட இடமில்லாத அறையில், ஒரு குழந்தையைத் தொட்டபின் இன்னொன்றைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் நாளொன்றுக்கு எத்தனை முறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதை நர்ஸின் அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆள் எண்ணிக்கையும் கட்டில் இடைவெளியும் கைக்கெட்டும் தூரத்தில் சானிடைசர் பாட்டிலும் இதே பேச்சில் வர வேண்டியவை.

தேமல் பூஞ்சையும் நாய்களும்

அரிய ஈஸ்ட்களில் எனக்கு மிகவும் சுவாரசியமாகத் தோன்றுவது மலசீசியா. நம் ஊரில் முதுகிலும் கழுத்திலும் வரும் தேமலுக்கு இதுதான் காரணம், தலைப் பொடுகிலும் இதற்குப் பங்கு உண்டு. எண்ணெய்ப்பசை உள்ள தோலில்தான் வாழும். கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரிக்கும் திறன் இதற்கு இல்லாததால் வெளியிலிருந்து கொழுப்பு கிடைத்தே ஆக வேண்டும்.

இப்போது அந்த 900 கிராம் குழந்தையின் சென்ட்ரல் லைனை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சொட்டுச் சொட்டாகப் போவது பால்போல வெண்மையான கொழுப்புக் கரைசல். தோலிலிருந்து குழாய்க்குள் நுழைந்த மலசீசியாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1980களின் தொடக்கத்திலேயே, நீண்ட நாள் கொழுப்புக் கரைசல் ஏற்றப்பட்ட குழந்தையின் நுரையீரல் ரத்தக்குழாய்களில் இந்த ஈஸ்ட் கிடைத்த செய்தி மருத்துவ இதழ்களில் வந்தது.

இதைவிட விசித்திரமானது அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் நடந்தது. 1993 அக்டோபரிலிருந்து 1995 ஜனவரி வரை பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் 15 குழந்தைகளிடம் மலசீசியா பாக்கிடெர்மாட்டிஸ் கிடைத்தது. அவர்களில் 8 பேருக்கு ரத்தத்தில். இது மனிதர்களைவிட நாய்களிடம் அதிகம் இருக்கும் இனம், நாயின் காதில் வரும் அழற்சியில் கால்நடை மருத்துவர்கள் தினம் பார்ப்பது. வார்டுக்குள் நாய் எப்படி வந்தது? வரவில்லை. விசாரணைக் குழு பணியாளர்களின் கைகளைச் சோதித்தது, அப்புறம் அவர்கள் வீட்டு நாய்களையும் சோதித்தது. ஒரு பணியாளரின் கையிலும் சில நாய்களிடமும் இருந்த ஈஸ்ட், குழந்தைகளிடம் இருந்ததோடு மரபணு அளவில் ஒத்துப்போனது. வீட்டில் நாயைக் கொஞ்சிய கை, வார்டுக்கு வந்து சரியாகக் கழுவப்படாமல் குழந்தையைத் தொட்டிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். உள்ளே நுழைந்தபின் அது குழந்தையிலிருந்து குழந்தைக்கும் பரவியது.

நாய் வளர்க்காதீர்கள் என்பது இதில் வரும் பாடம் என்று நினைத்தால் தவறு. மருத்துவமனைக்குள் மட்டுமே சுற்றும் கிருமி என்று நாம் நினைப்பது வெளியே ஒரு வீட்டின் சோபாவிலிருந்தும் கிளம்பி வரலாம் என்பதுதான் விஷயம்.

கண்டுபிடிப்பதில் உள்ள சிக்கல்

ஈஸ்ட் ரத்தத்தில் இறங்கிய பச்சிளங்குழந்தை எப்படி இருக்கும்? பாக்டீரியா இறங்கிய குழந்தையைப் போலவே இருக்கும். மூச்சு அவ்வப்போது நின்று நின்று வரும், இதயத் துடிப்பு குறையும், பால் செரிக்காது, வயிறு உப்பும், சர்க்கரை ஏறும், உடல் துவண்டு கிடக்கும். பெரியவர்களைப் போலக் காய்ச்சல் அடித்தே தீர வேண்டும் என்பதில்லை, உடல் சில்லிட்டும் போகலாம். ரத்தத்தில் தட்டணுக்கள் திடீரென்று குறைவது ஒரு குறிப்பு. ஆனால் அதுவும் பூஞ்சைக்கு மட்டுமே உரியதல்ல. நல்ல ஆன்டிபயாடிக் கொடுத்தும் இரண்டு மூன்று நாளில் தேறாத குழந்தையைப் பார்த்துத்தான் மருத்துவருக்குப் பூஞ்சையாக இருக்குமோ என்ற எண்ணமே பெரும்பாலும் வருகிறது.

உறுதி செய்ய பிளட் கல்ச்சர் வேண்டும். ரத்தத்தைச் சத்துக்கரைசல் உள்ள பாட்டிலில் விட்டு, உடல் சூட்டில் வைத்துக் காத்திருப்பார்கள். கிருமி வளர்ந்து கரியமில வாயுவை வெளியிட்டதும் இயந்திரம் ஒலி எழுப்பும். பெரியவர்களிடம் ஒரு பாட்டிலுக்கு 8, 10 மில்லி எடுக்கலாம். 900 கிராம் குழந்தையின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 80 மில்லி. 1 மில்லி எடுப்பதே பெரிய விஷயம். ஈஸ்ட்கள் ரத்தத்தில் எண்ணிக்கையில் குறைவாக மிதக்கும்போது அந்த ஒரு மில்லிக்குள் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். உடலுக்குள் பூஞ்சை பரவியிருந்தும் கல்ச்சரில் ஒன்றும் வராமல் போவது ஏறத்தாழ பாதிப் பேருக்கு நடக்கிறது. அதனால் ரிப்போர்ட் சுத்தமாக வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து மருத்துவர்கள் நிம்மதியாகிவிடுவதில்லை.

மலசீசியா இங்கேயும் வேலை காட்டும். பாட்டில் ஒலி எழுப்பும், மைக்ராஸ்கோப்பில் மொட்டு விட்ட செல்கள் பளிச்சென்று தெரியும், ஆனால் கிருமி வளர்க்கும் வழக்கமான தட்டில் தேய்த்து வைத்தால் ஒன்றும் முளைக்காது. அனுபவமுள்ள டெக்னீஷியன் அப்போது தட்டின் மேல் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார். கொழுப்பு கிடைத்ததும் அது வளரத் தொடங்கும்.

ஈஸ்ட் வளர்ந்துவிட்டது, இனி அதன் பெயர் என்ன? இதிலும் பழைய முறைகள் தடுமாறும். எந்தச் சர்க்கரையைச் சாப்பிடுகிறது, எதைச் சாப்பிடவில்லை என்று பார்த்து அடையாளம் சொல்லும் தானியங்கிக் கருவிகள் தங்களுக்குத் தெரிந்த பட்டியலில் உள்ள ஒரு பெயரைத்தான் தரும். கேண்டிடா ஆரிஸ் கதை இதற்கு நல்ல உதாரணம். 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்துப் புதிய இனமாக அறிவித்தார்கள். டெல்லியில் இரண்டு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளின் ரத்தத்தில் அதே இனம் இருந்ததை 2013இல் வெளியிட்டார்கள். உலகின் பல ஆய்வகங்களில் அதற்குப் பல ஆண்டுகள் கேண்டிடா ஹீமுலோனி என்ற தவறான பெயரே ஒட்டிக்கொண்டிருந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக ஆபத்தான நான்கில் ஒன்றாக அது இடம்பெற்றது, இப்போது அதை அரியது என்று சொல்ல முடியாத நிலை. இன்று நல்ல ஆய்வகங்களில் ஈஸ்டின் புரதங்களை லேசரால் சிதறடித்து எடைபார்த்து, சில நிமிடங்களில் இனத்தைச் சொல்லும் மால்டி-டாஃப் கருவி இருக்கிறது. அதுவும் திணறினால் மரபணு வரிசையைப் படிப்பார்கள்.

பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பதும் ஒரு தலைவலி. நாம் தொடங்கிய பிக்கியா அனோமலாவுக்கு முன்பு ஹான்செனுலா அனோமலா என்று பெயர், இப்போது விக்கர்ஹாமோமைசிஸ் அனோமலஸ், சில ரிப்போர்ட்களில் கேண்டிடா பெலிக்குலோசா. நான்கும் ஒன்றுதான். 1986இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இது பரவியதை எழுதியவர்கள் ஹான்செனுலா என்றுதான் எழுதினார்கள். பழைய பெயரில் மட்டும் தேடும் மருத்துவருக்குப் புதிய கட்டுரைகள் கண்ணில் படாது.

பெயர் தெரிந்தால் என்ன லாபம்?

மருந்து மாறும். பூஞ்சை மருந்துகளில் ரத்தத் தொற்றுக்கு உதவுபவை முக்கியமாக மூன்று வகை. ஆம்ஃபோடெரிசின் பி, பூஞ்சையின் செல் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்போடு ஒட்டிக்கொண்டு சவ்வைச் சிதைக்கும். 1950களில் வெனிசுலாவின் ஓரினோகோ ஆற்றங்கரை மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது. நம் செல்களில் எர்கோஸ்டெராலுக்குப் பதில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. இரண்டும் உருவத்தில் நெருக்கமானவை என்பதால் மருந்து நம் சிறுநீரகத்தையும் ஓரளவு பதம் பார்க்கும். ஆனாலும் பச்சிளங்குழந்தைகள் பெரியவர்களைவிட இதை நன்றாகவே தாங்குகிறார்கள். ஃப்ளூகோனசோல் வகை, எர்கோஸ்டெரால் தயாராவதையே தடுக்கும். விலை குறைவு, வாய்வழியும் கொடுக்கலாம். மூன்றாவதான மைக்காஃபங்கின், காஸ்போஃபங்கின் வகை, பூஞ்சையின் செல் சுவரைக் கட்டவிடாது. நம் செல்களுக்குச் சுவரே கிடையாது என்பதால் பக்கவிளைவு குறைவு.

பிரச்சினை என்னவென்றால், அரிய ஈஸ்ட்களில் பல இவற்றில் ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே மசியாது. ட்ரைக்கோஸ்போரான், ரோடோடோருலா, மலசீசியா மூன்றும் மைக்காஃபங்கின் வகைக்கு அடங்காதவை. ரோடோடோருலாவிடம் ஃப்ளூகோனசோலும் பலிக்காது. கேண்டிடா ஆரிஸ் பெரும்பாலும் ஃப்ளூகோனசோலை மதிக்காது, சில வகைகள் ஆம்ஃபோடெரிசினையும் தாண்டிவிட்டன. கேண்டிடா லூசிடானியே என்ற இன்னொன்று சிகிச்சை நடக்கும்போதே ஆம்ஃபோடெரிசினுக்குப் பழகிவிடும். ‘ஈஸ்ட் வளர்ந்திருக்கிறது’ என்று மட்டும் சொல்லும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மருந்து எழுதுவது, பல சமயம் சரியாகவே முடிந்தாலும், ஊகம்தான்.

மருந்தோடு வேறு சில வேலைகளும் உண்டு. முடிந்த அளவு சீக்கிரம் சென்ட்ரல் லைனை எடுத்துவிட்டு வேறு இடத்தில் புதிதாகப் போட வேண்டும். ஈஸ்ட் ரத்தத்திலிருந்து மூளை உறை, கண், சிறுநீரகம், இதய வால்வு என்று போய் உட்காரக்கூடும், ஆகவே முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை, கண் பரிசோதனை, ஸ்கேன், எக்கோ எல்லாம் கேட்பார்கள். ‘ரத்தத்தில்தானே தொற்று, கண்ணை எதற்குப் பார்க்கிறார்கள்’ என்று குழம்பும் பெற்றோருக்கு இதுதான் விடை. ரத்தத்தில் ஈஸ்ட் இல்லை என்று கல்ச்சர் காட்டிய நாளிலிருந்து இன்னும் இரண்டு வாரமாவது மருந்து தொடரும். குழந்தை நன்றாகப் பால் குடிக்க ஆரம்பித்துவிட்டதே என்று நடுவில் நிறுத்தச் சொல்லிக் கேட்கக்கூடாத மருந்து இது.

டெல்லி வார்மர், ப்ரோபயாடிக் பொட்டலம்

2021 செப்டம்பரிலிருந்து 2022 பிப்ரவரி வரை டெல்லியில் ஒரு பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 10 குழந்தைகளின் ரத்தத்தில் லோடரோமைசிஸ் எலாங்கிஸ்போரஸ் என்ற ஈஸ்ட் கிடைத்தது. அதற்கு முன் உலகெங்கும் அங்கொன்று இங்கொன்றாக மட்டுமே பதிவானது. அனுராதா சௌத்ரி தலைமையிலான ஆய்வாளர்கள் வார்டின் பொருட்களைத் துடைத்துச் சோதித்தபோது, வார்மரின் பக்கக் கம்பியிலும் வெப்பநிலை காட்டும் பலகையிலும் அதே ஈஸ்ட் இருந்தது. முழு மரபணுவையும் படித்து ஒப்பிட்டபோது இவை நெருங்கிய உறவு என்று தெரிந்தது. வார்மர் கம்பி எல்லோரும் கை வைக்கும் இடம். குழந்தையைக் குனிந்து பார்க்கும்போது யாரும் யோசிக்காமல் பிடித்துக்கொள்வது. அந்த ஆய்வில் ஒப்பீட்டுக்குப் பழங்களின் மேற்பரப்பில் கிடைத்த மாதிரிகளையும் சேர்த்திருந்தார்கள். சேமித்துவைத்த ஆப்பிளின் தோலிலும் இந்த இனம் வாழ்கிறது. நல்ல செய்தி, சிகிச்சைக்குப் பின் ஒருவர் தவிர மற்றக் குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள்.

ப்ரோபயாடிக் விஷயம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் சில பொட்டலங்களில் சக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற உயிருள்ள ஈஸ்ட் இருக்கிறது. ரொட்டி ஈஸ்டின் நெருங்கிய சொந்தம். ஆரோக்கியமான குழந்தைக்கு அதனால் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் சென்ட்ரல் லைன் போட்ட குழந்தையின் பக்கத்தில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தால் தூள் காற்றில் பறக்கும், பிரித்தவர் கையில் ஒட்டும், அடுத்து அந்தக் கை லைனைத் தொடும். இப்படி ரத்தத்துக்குள் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் கொடுத்த பொட்டலம்கூடப் போதும். 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை, உடல்நிலை மிக மோசமாக இருப்பவர்களுக்கும் எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கும் இதைக் கொடுக்கக்கூடாது என்று அறிவித்தது. பொட்டலத்தை நோயாளியின் அறையில் பிரிக்காமல் வெளியே பிரித்துக் கலக்குவதும், கையுறை போட்டுக்கொள்வதும் இப்போது வழக்கமான அறிவுரை.

குழந்தை உள்ளே இருக்கும்போது குடும்பம் என்ன செய்யலாம்

பெற்றோர் கையில் இருப்பது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. உள்ளே போகும் முன் மோதிரம், வளையல், கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்பால் கழுவுவது முதல் வேலை. கையில் கட்டியிருக்கும் மந்திரித்த கயிற்றைக் கழற்றத் தயங்கும் அம்மாக்களையும் பாட்டிகளையும் எந்த வார்டிலும் பார்க்கலாம். அதை ஒரு சின்னப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுக்க முடிந்தால் சில மில்லியானாலும் கொடுக்கலாம். பால் ஏற ஏற ட்ரிப்ஸ் குறையும், லைனை எடுக்கும் நாளும் முன்னால் வரும். மருத்துவர் அனுமதித்தால் கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்துவைத்துக்கொள்வதும் நல்லது, குழந்தைக்குத் தாயின் தோலில் உள்ள சாதுவான கிருமிகள் அறிமுகமாகும். பெரியவர்கள் சொன்னார்கள் என்று தேன், கழுதைப்பால், உரைமருந்து எதையும் நர்ஸுக்குத் தெரியாமல் நாக்கில் தடவக்கூடாது. எண்ணெய் தேய்ப்பதைப் பற்றியும் அங்கேயே கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

பூஞ்சை என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்: எந்த இனம் என்று தெரிந்துவிட்டதா, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்த்தாகிவிட்டதா, லைனை எப்போது எடுக்கப் போகிறீர்கள்? இனம் தெரிய வேறு ஊர் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டியிருக்கலாம். சண்டிகர் பி.ஜி.ஐ.யில் இதற்கென்றே தேசிய அளவில் மாதிரிகளை வாங்கிப் பார்க்கும் பூஞ்சை மையம் இருக்கிறது. பதில் வர நாளாகும். அதற்குள் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள், பதில் வந்ததும் தேவைப்பட்டால் மாற்றுவார்கள். முதல் மருந்தை மாற்றுகிறார்கள் என்றால் ஏதோ தவறாகக் கொடுத்துவிட்டார்கள் என்று உடனே பதற வேண்டாம்.